கிணற்று மண்ணில் மூன்று வீடு! வன்னியின் கைக்கெட்டும் தூரத்து அதிசயங்கள் தெரியுமா?

வளவில் ஒரு கிணறு வெட்டுகிறீர்கள். பத்தடி அகலம், இருபதடி ஆழம். கரையில் குவியும் மண் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1,570 கன அடி! அதே வளவில் இருபதுக்குப் பதினைந்து அடியில் ஒரு சின்ன வீடு போடுகிறீர்கள். எட்டடி உயரச் சுவர், ஒன்பது அங்குலத் தடிப்பு. நாலு பக்கச் சுவருக்கும் வேண்டிய மண் 420 கன அடிதான். மேலே கிடக்கும் மூன்றடி மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கினாலும், மிச்சத்தில் மூன்று வீட்டுக்குச் சுவர் எழுப்பலாம்! லொறி வேண்டாம், டீசல் வேண்டாம், ஆற்று மணலுக்கு அலைய வேண்டாம். இத்தனை காலமும் அந்த மண்ணைப் பள்ளம் நிரப்பத்தான் கொட்டியிருக்கிறோம்.

கேரளத்தில் ஆயிரக்கணக்கான சிக்கன வீடுகளைக் கட்டிய லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர், தன்னை வழிநடத்தியது காந்தி சொன்ன ஒரு யோசனைதான் என்று சொல்லிவந்தார். வீடு கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளாலேயே வீட்டைக் கட்டவேண்டும் என்பது அந்த யோசனை. வன்னியில் ஐந்து மைல் போகவே தேவையில்லை. சுவர் கிணற்றடியில் கிடக்கிறது, கூரை தென்னையிலும் பனையிலும் தொங்குகிறது, தரை மாட்டுப்பட்டியில் இருக்கிறது!

எல்லா மண்ணும் சுவர் மண்ணா? இல்லை. வேரும் இலைச்சருகும் கலந்த மேல்மண் கூடவே கூடாது. அது உக்கும், இறுகாது. குளத்தடிக் களி தனியே நின்றால் காயும்போது வெடிக்கும். கரையோர மணல் தனியே நின்றால் உதிரும். உங்கள் மண் எந்த ரகம் என்று அறிய ஆய்வுகூடம் தேவையா? ஒரு கண்ணாடிப் போத்தல் போதும்! மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். கண் முன்னாலேயே மணல் முதலில் இறங்கும், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன்மேல் வண்டல் படியும். களி மட்டும் மணிக்கணக்கில் மிதந்து, கடைசியாக மெல்லிய தோலாகப் படியும். மறுநாள் காலையில் உங்கள் நிலத்தின் கணக்கு வரி வரியாகக் கண்ணாடியில் தெரியும்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. இடியப்பத்துக்கு மாக் குழைக்கும் பதத்தில் மண்ணைக் குழைத்து, பெருவிரல் தடிப்பில் நீளமாக உருட்டுங்கள். மேசை விளிம்புக்கு வெளியே மெல்ல மெல்லத் தள்ளுங்கள். இரண்டு அங்குலம் நீளுமுன் ஒடிந்தால் மணல் அதிகம். ஆறு அங்குலம் தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் களி அதிகம். இடையில் ஒடிந்தால், வாழ்த்துகள், உங்கள் வளவில் வீடு கிடக்கிறது!

வன்னியின் பழைய வீடு எப்படி எழுந்தது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். மூலைக்கு மூலை கவர் விட்ட கப்பு நடுவார்கள். பாலை, வீரை, முதிரை போன்ற காட்டு மரங்கள். பாலைமரம் எவ்வளவு கனம் தெரியுமா? தண்ணீரில் போட்டால் தாழும்! கவரில் வளை ஏறும், வளையில் கைமரம் சாயும். கப்புக்குக் கப்பு இரண்டு பக்கமும் மெல்லிய தடிகளைக் குறுக்கே வரிசையாகக் கட்டுவார்கள். அதுதான் வரிச்சு. கட்டுவதற்கு ஆணி கிடையாது, காட்டுக்கொடியும் நாரும்தான். மண்ணில் தண்ணீர் விட்டு, நறுக்கிய வைக்கல் தூவி, குடும்பமே இறங்கி மிதிக்கும். குழைந்த மண்ணை உருண்டை உருண்டையாகப் பிடித்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று, ஒரே நேரத்தில் வரிச்சுக்குள் அடிப்பார்கள். இரண்டு உருண்டையும் நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுவரில் தடி இழுவையைத் தாங்கும், மண் அமுக்கத்தைத் தாங்கும். இன்றைய கொங்கிறீட்டுக்குள் இரும்புக்கம்பி செய்யும் வேலையை அங்கே வரிச்சுத்தடி செய்துகொண்டிருந்தது!

மண்ணில் வைக்கல் எதற்கு? காயும்போது மண் சுருங்கும். சுருங்கும் மண்ணை நூற்றுக்கணக்கான வைக்கல் இழைகள் இழுத்துப் பிடிக்கும். ஒரு பெரிய வெடிப்பு விழவேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நூறு சிறு கீறல்களோடு சுவர் தப்பிவிடும். சாணி மெழுகுவதிலும் இதே கெட்டித்தனம் உண்டு. மாடு தின்ற புல்லில் செரிக்காத நார், சாணியில் அரைத்துப் பதப்படுத்திய நிலையில் கிடைக்கிறது. வைக்கலால் போகமுடியாத நுண்ணிய கீறலுக்குள்ளும் அந்த நார் போகும். அதனால்தான் மெழுகிய தரை நடக்க நடக்க இறுகுகிறது.

புற்றுமண்ணின் கதை தெரியுமா? கறையான் நிலத்தின் ஆழத்திலிருந்து நுண்ணிய மண்ணைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு மணியையும் தன் எச்சிலால் ஒட்டி ஒட்டிப் புற்றுக் கட்டுகிறது. மாரி மழை அடித்தாலும் அது கரைவதில்லை. நம் முன்னோர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கைவிடப்பட்ட புற்றை உடைத்து வந்து, தரைக்கும் திண்ணைக்கும் சூடடிக்கும் களத்துக்கும் அடுப்புக்கும் சேர்த்தார்கள். வீட்டு மரத்தை அரித்துத் தின்னும் பூச்சியிடமே வீட்டின் மிக உறுதியான மண்ணை வாங்கிக்கொண்ட மூளைக்கு என்ன விருது கொடுப்பது!

வெள்ளையடிப்பதில்கூட ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் பிடியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்து, 1679இல் அனுராதபுரக் காடுகளையும் வன்னி எல்லையையும் கடந்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தவர். 1681இல் வெளியான அவருடைய நூல் ஒரு விசித்திரமான தடையைப் பதிந்துவைத்திருக்கிறது. கண்டி இராச்சியத்தில் சாதாரணக் குடிகள் வீட்டுக்கு ஓடு போடக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது! மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுண்ணாம்பைப் போலவே வெளுத்த ஒருவகைக் களிமண்ணைத் தேடியெடுத்துப் பூசினார்கள். அரசனின் ஆணையும் மீறப்படவில்லை, சுவரும் வெளுத்தது!

இப்போது பனை. பனையின் பயன்களைப் பட்டியலிட்டால் பக்கம் போதாது. வீட்டுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பாலையிலும் முதிரையிலும் வைரம் நடுவில் இருக்கும், வெளிப்பக்கம் மென்மையாக இருக்கும். பனையில் எல்லாம் தலைகீழ்! வெளிப்புறம் கறுத்த நார் நெருங்கி இரும்பாக இருக்கும், நடுவில் வெறும் சோறு. ஆண்டு வளையமே கிடையாது, ஏனென்றால் அது புல்லுக்கும் நெல்லுக்கும் உறவுக்கார மரம். முற்றிய பனையைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டால் மிஞ்சும் வைரத்தில் கறையானின் பல் இறங்காது. வளையும் கைமரமும் சலாகையும் அதில்தான் வரும். சோறு நீக்கிய பாதி மரமே தண்ணீர் ஓடும் பீலி. முழு மரமே கிணற்றுத் துலா. ஓலை கூரையாகவும் வேலியாகவும் போகும், நார் கட்டுக்கயிறாகும். ஆனால் ஒன்று. முற்றிய வைரம் வேண்டுமென்றால் பல பத்தாண்டுகள் நின்ற மரம் வேண்டும். இன்று உங்கள் வீட்டுக் கைமரமாகும் பனையை நட்டவர் உங்கள் பாட்டனாகவோ பூட்டனாகவோதான் இருப்பார். யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் ஷெல்லடியிலும் அழிந்த பனைக்கும் தென்னைக்கும் அளவில்லை. இப்போது பனை தறிக்க அனுமதி வேண்டும் என்ற விதியை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். விழுந்த மரம், பழைய வீட்டில் கழற்றிய மரம், இவற்றில்தான் முதல் கண் வைக்கவேண்டும். ஐம்பது ஆண்டு கூரையில் இருந்த பனங்கைமரத்தை இறக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் அடுத்த வீட்டுக்கும் அது போகும்!

கிடுகு பின்னுவதற்கு முன் தென்னோலையை ஏன் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள் தெரியுமா? பச்சையாகப் பின்னினால் காய்ந்ததும் சுருண்டு முறியும். நாள்கணக்கில் ஊறிய ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சிக்குப் பிடித்த சத்தும் கரைந்து போய்விடும். இன்னொரு இரகசியம் கூரையின் சரிவு. ஓலைக்கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, வழுக்கி விடுகிறது. சரிவு செங்குத்தாக இருக்க இருக்க மழை உள்ளே இறங்க நேரமில்லாமல் ஓடிவிடும். தாழ்வாரம் இடுப்பளவுக்குத் தாழ்ந்து வருவது ஏழ்மையால் என்று நினைக்கிறவர்கள் உண்டு. மண்சுவரில் மழைச்சாரல் படாமலும் மாலை வெயில் விழாமலும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியுமா! ஓரடித் தடிப்பான மண்சுவரில் காலையில் பட்ட வெயில் உள்பக்கத்துக்கு வந்துசேர எட்டு, பத்து மணி நேரம் ஆகும். மதியம் பன்னிரண்டு மணிச் சூடு உள்ளே எட்டிப்பார்க்கும்போது வெளியே இரவுக்காற்று அடித்துக்கொண்டிருக்கும். தகரம்? சூரியன் ஏறிய அரைமணி நேரத்தில் உள்ளே அடுப்பு! 2009இல் போர் முடிந்த பிறகு தகரக் கொட்டில்களில் சித்திரை வைகாசியைக் கழித்த எந்தத் தாயிடம் கேட்டாலும் சொல்வார், பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரநிழலைத் தேடி ஓடிய கதையை. தகரத்தின்மேல் கிடுகு பரப்பினவர்கள் பலர். இரண்டு கூரையும் சேர்ந்தபோது மழைக்குத் தகரமும் வெயிலுக்குக் கிடுகும் காவல் நின்றன. எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்காத அருமையான பொறியியல்!

அதே நேரம் ஒரு எச்சரிக்கை. மண்வீட்டைக் கல்வீடு போலக் காட்டுவதற்காகச் சுவருக்குச் சீமெந்து பூசுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மண்சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். வெளியில் விறைத்த சீமெந்துத் தோல் பூட்டினால் ஈரம் உள்ளேயே அடைபடும். மண் இளகி, ஓராண்டு இரண்டாண்டில் சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று விழும், கூடவே சுவரின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். சுண்ணாம்புச் சாந்து பூசலாம். அது சுவரோடு சேர்ந்து மூச்சு விடும்.

வீட்டைத் தோளில் சுமந்துகொண்டு போன மக்களைத் தெரியுமா? உலகில் இப்போது கட்டடக் கலைஞர்கள் பெரிதாகப் பேசும் ஒன்று உண்டு. வீட்டைக் கட்டும்போதே, பின்னாளில் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி வேறிடத்தில் பூட்டக்கூடிய மாதிரிக் கட்டவேண்டும் என்கிறார்கள். 2008இலும் 2009இலும் வன்னி மக்கள் அதைச் செய்தார்கள், மிகக் கொடிய நிர்ப்பந்தத்தில். போர்முனை நெருங்க நெருங்க ஓட்டைக் கழற்றினார்கள், தகரத்தைக் கழற்றினார்கள், கதவையும் யன்னலையும் நிலையோடு பெயர்த்தார்கள், கைமரத்தைக் கட்டாகக் கட்டினார்கள், எல்லாவற்றையும் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். மேற்கே மன்னார்ப் பக்கமிருந்து கிளிநொச்சிக்கு, அங்கிருந்து விசுவமடுவுக்கு, புதுக்குடியிருப்புக்கு, முள்ளிவாய்க்காலுக்கு. போன இடமெல்லாம் அதே மரங்களை நட்டு அதே தகரத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீட்டில் கொஞ்சம் குறைந்தது. ஓடு விடப்பட்டது, பிறகு நிலை விடப்பட்டது, பிறகு மரம். கடைசியில் தறப்பாள் மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டின் எந்தப் பாகம் உயிருக்கு மிக அவசியம் என்ற வரிசையை இதைவிடத் துல்லியமாக எந்த நூலும் எழுதியதில்லை என்றே நினைக்கிறேன்.

கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினால் பக்கச்சுவர் சரிந்து மூடும். அங்கே பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, அடுக்கிச் சுவராக்கினார்கள். பட்டுச்சேலைகளும் அதில் போயின. இதே நுட்பம், மூட்டையில் மண்ணை நிரப்பி அடுக்கிச் சுவராக்குவது, உலகின் வேறொரு மூலையில் வீடு கட்டும் முறையாக வளர்ந்திருக்கிறது. ஈரானில் பிறந்து கலிபோர்னியாவில் வாழ்ந்த நாதர் கலிலி என்ற கட்டடக் கலைஞர் நீண்ட மண்மூட்டையைச் சுருள் சுருளாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் முள்ளுக்கம்பியை வைத்தார். முள் மேல்மூட்டையையும் கீழ்மூட்டையையும் கவ்விப் பிடிக்க, சுவர் அப்படியே வளைந்து கவிகை வீடாக முடிந்தது. மண்மூட்டையும் முள்ளுக்கம்பியும், போரின் பொருட்கள் இரண்டும் குடியிருக்கும் வீடாகின! 1995இல் ஈராக்கிலிருந்து ஈரானுக்கு வந்த அகதிகளுக்காக அங்கே வீடுகள் இப்படிக் கட்டப்பட்டன. 2004இல் இந்த முறைக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. வன்னியின் பெண்களுக்கு அந்தச் சுவரைக் கட்டும் வித்தை ஏற்கெனவே தெரியும். யாரும் அவர்களுக்கு விருது கொடுக்கவில்லை.

தண்டவாளம் பதுங்குகுழிக்குள் போன கதையும் உண்டு. 1990இல் யாழ்தேவி ரயில் வவுனியாவோடு நின்றுபோனது. அதற்கு வடக்கே தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பியபோது முழுப் பாதையையும் புதிதாகப் போடவேண்டியிருந்தது. கப்பலும் தப்பவில்லை! 2006 டிசம்பரில் அரிசியோடு போன ஜோர்தான் நாட்டுக் கப்பல் ஃபாரா 3 முல்லைத்தீவுக் கடலில் தரைதட்டியது. அதன் உடலைக் கழற்றக்கூடிய அளவுக்குக் கழற்றிவிட்டார்கள். போர்க்காலத் தடையால் பொருள் நுழைய வழியில்லாத நிலத்தில் ஒரு ஆணிகூடக் குப்பையில் போகாது.

பிறகு மீள்குடியேற்றம். இடம்பெயர்ந்த வன்னி மக்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில் பெரும்பகுதி வடக்கு கிழக்குக்கு வந்தது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டுவது உரிமையாளர் பொறுப்பு. கணவனை இழந்த பெண்களும் முதியவர்களும் தாங்களே நின்று கல் அரிந்து, மேசனுக்கு மண் சுமந்து கட்டிய வீடுகள் அவை. அந்த உழைப்பை எத்தனை முறை வியந்தாலும் போதாது. ஆனால் எல்லாம் சீமெந்துக் கல்லும் ஆற்று மணலும். ஒரே நேரத்தில் ஆயிரமாயிரம் வீடுகள் எழும்பியபோது மணல் விலையும் கூலியும் ஏறின. கடன்பட்டு முடித்தவர்கள் ஏராளம். 2016இல் 65,000 உருக்கு வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் என்று இன்னொரு திட்டம் வந்தது. வெக்கை, துரு, விறகடுப்புக்கு இடமில்லை, உள்ளூர் மேசனுக்கு வேலையில்லை என்று எதிர்ப்பு எழுந்து, அந்தப் பெரிய திட்டம் நிறைவேறவில்லை. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு வீட்டுக்குச் செலவாகும் பணம் எந்த ஊரில் தங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும். மண்சுவர் வீட்டில் செலவின் பெரும்பங்கு கூலிதான், அது பக்கத்து வீட்டுக்கே போகிறது.

சீமெந்து விலை என்ன ஆட்டம் ஆடியது என்பது நினைவிருக்கிறதா? 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ மூட்டை, 2022 நெருக்கடியில் மூவாயிரத்தை எட்டியது! பாதிச் சுவரோடு எத்தனை வீடுகள் அப்படியே நின்றன! இத்தனைக்கும் 1950இல் அரசு தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வடக்கின் சுண்ணக்கல்லைத்தான் அரைத்தது. 1990இல் போரால் அது மூடப்பட்டது. உலகளவில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்துத் தொழிலிலிருந்து வருகிறது.

அப்படியென்றால் சீமெந்தே வேண்டாமா? கொஞ்சம் வேண்டும், ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம்! மண்ணோடு ஐந்து சதவீதம் சீமெந்து கலந்து, இயந்திரத்தின் கைப்பிடியை இரண்டு பேர் இழுத்து அமுக்கினால் அழுத்திய மண்கல் வந்துவிடும். சூளை இல்லை, விறகு இல்லை. நான்கு கிழமை ஈரம் காத்து வைத்தால் போதும். ஓரோவில் புவி நிறுவனம் 1989 முதல் இதையே ஆராய்ந்து உலகுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்பது அவர்கள் சொல்லும் நல்ல மண். போத்தலில் பார்த்தோமே, அந்தக் கணக்கு! நாட்டுச் செங்கல்லோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு எரிசக்திகூட இதற்குப் போவதில்லை என்று அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இலங்கையில் இந்தக் கல்லுக்கு அரச தரக்கட்டளையே உண்டு, தெரியுமா? எஸ்.எல்.எஸ். 1382, 2009இலேயே வந்துவிட்டது! மண்கல்லுக்குக் கடன் தரமுடியாது, அனுமதி தரமுடியாது என்று யாராவது சொன்னால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டைக் கிரிந்தவில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் சிகெரு பான் கட்டிய வீடுகள் இப்படிப்பட்ட, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் மண்கற்களால் ஆனவை. அவரே 2014இல் உலகின் தலைசிறந்த பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு படி மேலே போனார்கள். மண்ணில் இருக்கும் சரளையையே ஜல்லியாகக் கொண்டு, நான்கு சதவீதம் சீமெந்து சேர்த்து, அச்சில் ஊற்றியே கல் செய்துவிட்டார்கள். அமுக்கும் இயந்திரமும் தேவையில்லை! வன்னியின் கிரவல் மண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆராய்ச்சி இங்கே வந்து இறங்காதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அம்பேபுஸ்ஸவில் போர் முடிந்த பிறகு இளம் படைவீரர்களுக்குக் கட்டட வேலை பழக்கி, அவர்கள் கையாலேயே இடித்திறுக்கிய மண்சுவரில் ஒரு நூலகம் கட்டினார்கள். மிலிந்த பத்திராஜாவும் கங்கா ரத்நாயக்கவும் வடிவமைத்த அது 2015இல் உலகளாவிய ஹொல்சிம் வெள்ளி விருதைப் பெற்றது. விருது கொடுத்ததே ஒரு சீமெந்து நிறுவனத்தின் அறக்கட்டளை! போரின் மறுபக்கத்தில் நின்ற வன்னி இளைஞர்களுக்கும் அப்படி ஒரு பயிற்சிக்களம் வேண்டும்.

ஒரு கட்டடக் கலைஞர் தன் தொழிலை விட்டுவிட்டு வவுனியாக் காட்டோரம் வந்து தங்கியது தெரியுமா? ஊர்காவற்றுறைப் பக்கக் கரம்பனில் பிறந்த சொலமன் அருளானந்தம் டேவிட், மெல்போர்னில் படித்தவர், வெளிநாடுகளில் நகரத் திட்டமிடல் வேலை பார்த்தவர். 1970களில் மருத்துவர் இராஜசுந்தரத்தோடு சேர்ந்து காந்தியம் அமைப்பைத் தொடங்கினார். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவைச் சுற்றிய பண்ணைகளில் குடியேற அது கைகொடுத்தது. இராஜசுந்தரம் 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இறந்தார். பல ஆண்டுகள் சென்னையில் இருந்த டேவிட் கடைசியில் கிளிநொச்சிக்கே திரும்பி வந்து 2015இல் காலமானார். மாநகரங்களை வரையத் தெரிந்த கை, கொட்டில்களின் பக்கம் நிற்பதைத் தெரிந்தெடுத்தது.

பழைய பொருளை எடுப்பதில் ஒன்றை மட்டும் தொடாதீர்கள், அஸ்பெஸ்டஸ் சீற். உடைந்த வீடுகளில் அது குவிந்து கிடக்கிறது. முழுதாக இருக்கும்போது சும்மா இருக்கும். வெட்டினாலும் உடைத்தாலும் காய்ந்த துண்டைக் கூட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத இழை பறந்து நுரையீரலில் குத்தி நிற்கும், பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிவரும். இலங்கை அதன் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்த இருந்தது. 2017 டிசம்பரில் என்ன நடந்தது தெரியுமா? ரஷ்யாவுக்குப் போன தேயிலைப் பொதியில் ஒரு வண்டு அகப்பட்டது! ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகுக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் கொழும்பு அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. நம் தலைக்கு மேல் என்ன கூரை என்பதை ஒரு வண்டு தீர்மானித்த கதை இது. பழைய சீற்றைக் கழற்றியே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். துண்டுகளைப் பாதைக்கோ பள்ளத்துக்கோ போடாதீர்கள்.

மண்வீடு மழையில் கரைந்துவிடாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்குமுன் வன்னியின் குறுக்கேதான் போனது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. 2020இல் புரெவி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. தேங்கிய வெள்ளம் சுவரடியில் ஏறினால் சும்மா வைத்த மண்சுவர் சரியும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆகவே கருங்கல்லோ பழைய கொங்கிறீட் உடைசலோ போட்டு இரண்டு, மூன்றடி உயர அத்திவாரம் எழுப்புங்கள். போரில் இடிந்த கட்டடங்களின் உடைசல் இதற்குத் தங்கம்! தாழ்வாரம் மூன்றடியாவது வெளியே நீளட்டும். தாழ்ந்த நிலமென்றால் கீழ் வரிசைகளுக்கு மட்டும் சீமெந்து கூடிய கல்லைப் போடுங்கள். கூரையைக் கம்பியால் வளையோடும், வளையைக் கப்போடும் இறுக்குங்கள். புயல் முதலில் தூக்குவது கூரையைத்தான்.

மண் எடுக்குமுன் ஒரு காரியம். கண்ணிவெடி அகற்றி விடுவித்த நிலமா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தோண்டும்போது துருப்பிடித்த இரும்பு எது தெரிந்தாலும் கை வைக்காமல் நிறுத்தி, பொலிசுக்குச் சொல்லுங்கள். மாசியில் மாரி ஓய்ந்ததும் கல் அரியத் தொடங்கலாம். பங்குனி, சித்திரையில் கல் காயும், வைகாசி ஆனியில் சுவர் எழும்பும், ஆடிக்காற்றில் உள்ளீரமும் வற்றிவிடும். ஆவணிக்குள் கூரை போட்டால் ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஒரு மாதம் மிஞ்சும்.